கடல் முதலாளிகளின் குப்பைத்தொட்டியா?

கச்சிராயபாளையத்தில் நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நாம் கடலைப் பற்றிப் பேசினோம். எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டியதைச் சொன்னோம். கடலூரில் ஆலைக் கழிவு உப்பனாற்றில் கலப்பதைச் சொன்னோம். நடவு வேலை செய்யும் தாய் ஒருவர் எழுந்து நின்றார்.

"கடலை நாங்க கண்ணால பாத்தது கூட இல்லீங்க, தோழர். அரிசி விலை ஏறுது, நடவுக் கூலி ஏறலை. அதைப் பேசாம கடலைப் பேசுறீங்களே?" என்று கேட்டார்.

கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். சர்க்கரை ஆலைத் தொழிலாளிகள் சிலரும் அதையே நினைத்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நியாயமான கேள்வி. உழைப்பவன் வயிற்றோடு சம்பந்தமில்லாத எதையும் பேச நமக்கு உரிமை இல்லை. ஆகவே அந்தத் தாய்க்கு இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடல் நமக்கு எவ்வளவு தூரம்?

கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். நெத்திலி, காரப்பொடி, சென்னாக்குன்னி என்று கருவாட்டுக் கூடைகள் வரிசையாக இருக்கும். களிக்கும் கூழுக்கும் தொட்டுக்கொள்ள ஏழை வீட்டுக்கு வாய்த்த சத்து அதுதான். ஆட்டுக்கறி வாங்க முடியாதவன் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் சதை வைப்பது கருவாடு. கடலைக் காணாத நாம் அன்றாடம் கடலைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையில் பிறக்கின்றன. அணையைத் தாண்டி வயல்களைத் தாண்டி அந்தத் தண்ணீர் வெள்ளாற்றில் சேருகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஓரமாக ஓடும் தென்பெண்ணையோ கடலூர் அருகே கடலைத் தொடுகிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நிற்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அந்த வேர்களுக்கு நடுவேதான் வளர்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அந்தக் காடு தன் பின்னாலிருந்த குப்பங்களுக்கு அரணாக நின்றது. அந்தக் காட்டுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் மலையிலிருந்தும் வருகிறது. நாம் கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்கள் அல்ல, கடலுக்கு மேட்டில் இருப்பவர்கள். மேட்டில் கலப்பது பள்ளத்துக்குப் போகும். வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சும் நமக்கு இதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நஞ்சு முதலில் யார் உடம்பில் ஏறுகிறது?

கடலில் கலக்கும் நஞ்சு வானத்திலிருந்து விழுவதில்லை. அது கடலுக்குப் போகும் முன்பு ஒரு தொழிலாளியின் கையைத் தாண்டித்தான் போகிறது.

பருத்திக்கும் நெல்லுக்கும் பூச்சிமருந்து அடிப்பவன் யார்? முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முதுகில் கைத்தெளிப்பானைச் சுமந்துகொண்டு போகும் கூலி விவசாயி. மருந்து முதலில் அவன் மூக்கில் ஏறுகிறது. மீதி பயிரில் விழுகிறது. மழை பெய்தால் வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குப் போகிறது, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகிறது. எண்டோசல்பான் என்ற மருந்து கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்டது. குழந்தைகள் ஊனமாய்ப் பிறந்தார்கள். தோட்டத்தைச் சுற்றி வாழ்ந்த ஏழை ஜனங்கள்தான் அந்தக் கொடுமையை அனுபவித்தார்கள். 2011-ல் உச்சநீதிமன்றம் தடை போடும்வரை விற்பனை நடந்தது.

சாயப்பட்டறையில் தொட்டி கழுவுகிறவன் யார்? தோல் பதனிடும் ஆலையில் ரசாயனத் தண்ணீரில் நிற்கிறவன் யார்? நகரத்துச் சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுகிறவன் யார்? எல்லாம் நம்மவர்கள்.

2024 ஜூன் மாதத்தைக் கள்ளக்குறிச்சி மறக்காது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மெத்தனால் குடிக்கும் பொருளல்ல, ஆலைகளில் பயன்படும் விஷ ரசாயனம். ஆலைக்குரிய விஷம் ஒன்று எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று கணக்குக் கேட்காத சர்க்கார், அதே போன்ற விஷம் ஆற்றிலும் கடலிலும் ஊற்றப்படும்போது மட்டும் கணக்குக் கேட்குமா? கருணாபுரத்துச் சாவும் கடலில் மிதக்கும் செத்த மீனும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள்.

எண்ணூரில் நடந்தது என்ன?

2017 ஜனவரி 28-ல் எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் பரவியது. பெரிதாக ஒன்றும் கொட்டவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். கரை முழுவதும் கருந்தார் போல ஒதுங்கிய பிறகு உண்மை வெளிவந்தது. அதை எப்படி அள்ளினார்கள் தெரியுமா? வாளியால் அள்ளினார்கள்! ஆகாயத்துக்கு ராக்கெட் விடும் தேசத்தில், மீனவரும் மாணவரும் கூலித் தொழிலாளிகளும் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள்.

ஆறு ஆண்டு கழிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. இந்தத் தடவை மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மழைநீர்க் கால்வாய் வழியாக அது வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. வீட்டுச் சுவரிலெல்லாம் எண்ணெய்க் கோடு. அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு, எண்ணூரில் உர ஆலைக்குக் கடலடி வழியாக வரும் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி நடுரோட்டுக்கு ஓடிவந்தார்கள்.

அந்த எண்ணெய் ஆலை பொதுத்துறை ஆலைதானே என்று சிலர் நம்மை மடக்கப் பார்ப்பார்கள். ஆம், பொதுத்துறை ஆலைதான். பொதுத்துறையை நாம் காப்போம். ஆனால் மக்களின் கண்காணிப்பு இல்லாத பொதுத்துறையும் கடலில் கழிவை விடும் என்பதை மறைக்க மாட்டோம். மக்களின் ஆலை மக்களின் கடலை நாசமாக்க உரிமை இல்லை.

நமக்குப் பக்கத்திலுள்ள கடலூருக்கு வாருங்கள். உப்பனாற்றங்கரையில் சிப்காட் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. நாற்றமடிக்கும் காற்றையும் நிறம் மாறிய தண்ணீரையும் பற்றி அங்குள்ள ஊர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றன. 2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் ஆலையின் சாயக் கழிவுநீர்த் தொட்டி வெடித்தது. கழிவு வீடுகளுக்குள் பாய்ந்தது. ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று வீட்டுக்குள் வந்ததால் பத்திரிகையில் வந்தது. ஆற்றுக்குள் போயிருந்தால் யார் எழுதியிருப்பார்கள்?

கொடி ஒரு தேசம், லாபம் ஒரு தேசம்

2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகள். அவற்றில் சிலவற்றில் ஆபத்தான ரசாயனம். அரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாகக் கடலில் கொட்டின. அந்த மணிகள் கேரளக் கரையோடு நிற்கவில்லை, கன்னியாகுமரிக் கரையிலும் தனுஷ்கோடியிலும் வந்து ஒதுங்கின. மீன் அதை முட்டையென்று நினைத்து விழுங்குகிறது. அது செரிப்பதுமில்லை, மக்குவதுமில்லை.

அந்தக் கப்பலில் பறந்தது லைபீரியாவின் கொடி. கம்பெனியின் தலைமையிடமோ சுவிட்சர்லாந்தில். வரியும் சட்டமும் எங்கே குறைவோ அங்கே கொடியைப் பதிவு செய்கிறார்கள், லாபத்தை வேறிடத்தில் வைக்கிறார்கள், கழிவை நம் கரையில் விடுகிறார்கள். கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது.

இலங்கையிலும் இதே கதைதான். 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் எரிந்து மூழ்கியது. ஆமைகளும் டால்பின்களும் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர் வேலை இழந்தனர். 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம் நூறு கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சின்னஞ்சிறு தீவின் கோர்ட் பெரிய கப்பல் கம்பெனிக்கு எதிராக இப்படிச் சொல்ல முடிகிறது. முடியாது என்று நமக்குச் சொல்லித் தருகிறவர்கள் யார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் சொல்லும் மூன்று சமாதானங்கள்

முதல் சமாதானம்: "கடல் பெரியது, எல்லாவற்றையும் தாங்கும்."

கடல் பெரியதுதான். ஆனால் மீன் பெருகும் இடம் பெரியதல்ல. கழிமுகம், காயல், சுரபுன்னைக் காடு, கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறை ஆகியவைதான் கடலின் நாற்றங்கால். ஆலைக் குழாய் திறப்பதும் அந்த இடத்தில்தான். நாற்றங்காலில் உப்பைக் கொட்டிவிட்டு, வயல் நூறு ஏக்கர் இருக்கிறதே என்று எந்த விவசாயியாவது சொல்வானா?

இரண்டாவது சமாதானம்: "பிளாஸ்டிக் போடுவது ஜனங்கள்தான். மீனை அழிப்பது மீனவர்தான்."

ஒரு ரூபாய் ஷாம்புப் பொட்டலத்தை நாம் ஏன் வாங்குகிறோம்? முழுப் புட்டி வாங்கக் கையில் காசில்லாததால் வாங்குகிறோம். அன்றாடக் கூலிக்கு ஏற்ற அளவில் பொட்டலம் போட்டு லாபம் எடுத்தவன் கம்பெனிக்காரன். காலிப் பொட்டலம் மட்டும் நம் குற்றமா? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தடை நல்லதுதான். ஆனால் அதிகாரிகள் பையைப் பறிக்க ஓடுவது தள்ளுவண்டிக்காரனிடம், பூக்காரியிடம்.

மீனவர் விஷயத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை ஒளிக்க வேண்டாம். கரையோரத்தில் இழுவை மடி போடும் விசைப்படகுகள் கடலடியைச் சுரண்டுகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்செடுக்க மேலே வர முடியாமல் வலைக்குள் மூழ்கிச் சாகின்றன. இது நிற்க வேண்டும். கட்டுமரக்காரரும் சிறு படகு மீனவரும்தான் இதை முதலில் எதிர்த்தவர்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். மீன் குஞ்சு பொரிக்கும் காலமென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைக்கச் சட்டம் இருக்கிறது. படகுத் தொழிலாளி பட்டினியோடு அதை ஏற்கிறான். எந்த ஆலையின் கழிவுக் குழாய்க்காவது ஒரு நாள் தடைக்காலம் உண்டா?

மூன்றாவது சமாதானம்தான் நம்மைப் பிரிப்பதற்கென்றே செய்த ஆயுதம்: "ஆலையைக் கேள்வி கேட்டால் உன் வேலை போகும்."

தஞ்சை, நாகைக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் வந்த கதையை விவசாயத் தொழிலாளிகள் மறக்கக் கூடாது. நெல் விளைந்த நிலத்தில் உப்புத் தண்ணீரைக் கட்டினார்கள். கிணறு உப்பானது, நடவும் அறுப்பும் போயிற்று. கழிவைத் திரும்பக் கடலுக்கே விட்டார்கள். காந்தியவாதி ஜகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம் கரையோரத்து இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அத்தோடு நிற்கவில்லை, வேலையிழக்கும் தொழிலாளிகளுக்குச் சட்டப்படியான ஈட்டுத்தொகையோடு ஆறு ஆண்டுக் கூலியையும் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. ஆக, நஞ்சையும் நிறுத்தலாம், தொழிலாளியையும் காக்கலாம். கொடுக்க வேண்டியது முதலாளியின் பையிலிருந்து என்பதால்தான் அவனுக்குக் கசக்கிறது. பிறகு என்ன நடந்தது? 2005-ல் கரையோர மீன்வளர்ப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. தீர்ப்பு மூடிய கதவைச் சட்டம் திறந்துவிட்டது.

மினமாட்டா தொழிலாளிகளின் வெட்கம்

ஆலைத் தொழிலாளித் தோழர்களே! ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனியின் ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. சிறு மீன் அதை உண்டது, சிறு மீனைப் பெருமீன் உண்டது, பெருமீனை மனிதன் உண்டான். ஒவ்வொரு படியிலும் நஞ்சு சேர்ந்து கூடியது. பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. பிறகு மீனவர்களின் கைகால்கள் முறுக்கிக்கொண்டன, பேச்சு குழறியது, கண் மங்கியது. 1956-ல் நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1959-ல் ஆலையின் டாக்டரே கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்து உண்மையைக் கண்டார். கம்பெனி அதை மறைத்தது. 1968 வரை கழிவு ஓடியது.

1959-ல் மீனவர்கள் ஆத்திரம் தாங்காமல் ஆலைக்குள் புகுந்தார்கள். அப்போது தொழிலாளர் சங்கம் எந்தப் பக்கம் நின்றது? கழிவை நிறுத்தினால் ஆலை மூடும், வேலை போகும் என்று பயந்து கம்பெனியின் பக்கம் நின்றது. முதலாளி அந்த நன்றியை எப்படிக் காட்டினான்? 1962-ல் கூலிப் போராட்டம் வந்தபோது சங்கத்தையே இரண்டாக உடைத்தான். அடிபட்ட பிறகுதான் தொழிலாளிகளுக்குக் கண் திறந்தது. 1968 ஆகஸ்டில் அந்தச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: போராட்டம் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த நாங்கள் இந்த நோயை எதிர்த்து இதுவரை போராடாதது மனிதர்கள் என்ற முறையிலும் தொழிலாளிகள் என்ற முறையிலும் வெட்கம் என்ற பொருளில் அறிவித்தது. பிறகு நோயாளிகளின் பக்கம் நின்றது.

அந்த வெட்கத்தை நாம் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்வோம். எந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறது, எந்த இரவில் எந்த மடை திறக்கிறது என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். தொழிலாளிக்குத் தெரியும். அதுதான் நம் பலம்.

கடலுக்கு வந்த ஜாகீர்தார்கள்

கல்வராயன் மலைவாசிகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்களின் பிடியில் கிடந்தது. தேசம் சுதந்திரம் பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் காடும் நிலமும் ஜாகீர்தாருக்கு. ஜனங்களுக்கு வரியும் வெட்டி வேலையும். அந்த ஜாகீர் ஒழிந்தது. இன்று கடலுக்கு ஜாகீர்தார்கள் வந்திருக்கிறார்கள். துறைமுகம் அவர்களுக்கு, கரை அவர்களுக்கு, லாபம் அவர்களுக்கு. கழிவு மட்டும் நமக்கு.

சட்டம் என்ன செய்கிறது? 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை இருந்தது. 2023-ல் ஒன்றிய சர்க்கார் அதைத் திருத்தியது. சிறைக்குப் பதிலாகப் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போதும் என்றது. பசிக்குத் திருடியவனுக்குச் சிறை, கடலுக்கு நஞ்சூட்டியவனுக்கு ரசீது! கோடிகளில் புரளும் கம்பெனிக்குப் பதினைந்து லட்சம் தண்டனையா? அது நஞ்சு ஊற்றுவதற்குக் கட்டும் குத்தகை.

நாம் கேட்பது

ஒவ்வொரு ஆலை வாசலிலும், அன்றன்று வெளியேறும் கழிவின் அளவும் தன்மையும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். சோதனைக் குழுவில் ஆலைத் தொழிலாளி, ஆற்றோர விவசாயி, மீனவர் ஆகியோரின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

நஞ்சு விட்டவன் சுத்தம் செய்யும் செலவையும் மீனவரின் நஷ்டத்தையும் முழுதாகக் கட்ட வேண்டும். சிறைத்தண்டனை சட்டத்தில் திரும்ப வர வேண்டும். கழிவுக் குற்றத்துக்காக ஆலை நிறுத்தப்படும் நாட்களுக்குத் தொழிலாளியின் கூலி குறையக் கூடாது.

பூச்சிமருந்து அடிக்கும் தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் காலணியும் மருந்து வாங்குபவன் செலவில் தரப்பட வேண்டும். வெள்ளாறு, தென்பெண்ணையில் நகரத்துச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் கலப்பது நிற்க வேண்டும். மலைவாசிகளுக்கு 2006-ன் வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைக்க வேண்டும். காட்டைக் காக்கிறவன் காட்டில் வாழ்கிறவனே.

கேள்வி கேட்ட தாய்க்கு நாம் சொல்வது இதுதான். அம்மா, உங்கள் நடவுக் கூலியைப் பிடித்து வைப்பவனும் கடலில் நஞ்சை விடுபவனும் ஒரே கணக்குப் போடுகிறவர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், தன் செலவை அடுத்தவன் தலையில் தள்ளினால்தான் லாபம் என்ற கணக்கு அது. கூலியில் அது உங்கள் தலையில் விழுகிறது, கடலில் மீனவர் தலையில் விழுகிறது. கூலிப் போராட்டத்தைக் கைவிட்டுக் கடலுக்கு வாருங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூலி கேட்கும் அதே ஊர்வலத்தில் கடலையும் கேட்போம் என்கிறோம்.

கல்வராயன் மலையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை தண்ணீர் ஒரே ஓட்டமாய் ஓடுகிறது. அந்தத் தண்ணீரை நம்பி வாழும் மலைவாசியும் கூலி விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் மீனவரும் தனித்தனியே நிற்கலாமா?

உழைக்கும் மக்களே, ஒன்றுபடுவீர்! ஆறும் கடலும் நம்முடையவை. அவற்றை மீட்போம்!